பூரணத்தம்மா வீட்டு முற்றம் மட்டமான கதை

கோணமடை ஊர் ஆட்கள் நாலு பேரை ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் வேலை நாலாகும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. பூரணத்தம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் அறுவடை நேரம், வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று அவர்களையே வரச் சொன்னாள்.

ஆபத்து பெரியதுதான். முற்றத்தில் நின்ற வாகை மரம் காற்றில் சாய்ந்து, வெட்டி எடுத்தாயிற்று. அடிக்கட்டையும் வேர்களும் மிச்சம். மகள் செவ்வந்தியைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அத்தை வீரலட்சுமி ஒரு வேர் தடுக்கிப் பூத்தட்டோடு குப்புற விழுந்தாள்.

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு வருவோம். அன்னைக்கும் எனக்குக் கால் தடுக்குச்சுன்னா சகுனம் சரியில்லைன்னு அப்படியே திரும்பிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். செவ்வந்திக்கோ மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. பாவம், அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை பூரணத்தம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர்ச் சொந்தபந்தங்களை அழைக்கக் கிளம்பினாள். போகும்போது, நால்வரில் மூத்தவனான வேலாண்டியிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"ஒரு வேர் பாக்கி இருக்கக்கூடாது. அப்புறம் செம்புல தண்ணி ஊத்திப் பாருங்க. ஓடாம நின்னா மட்டம். நிக்கிற வரைக்கும் மேடான பக்கத்தை வெட்டுங்க. விருந்தாளி வந்து இறங்குனப்புறம் முற்றத்துல ஒரு சாமான் கிடக்கக்கூடாது."

"சொன்னபடியே செய்றோம்மா" என்றான் வேலாண்டி. அங்கேதான் வினை பிடித்தது.

வாகை வேரை ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். பிறகு மொக்கையன் யோசித்தான். "அண்ணே, புல்லுக்கும் வேர் இருக்கே."

"அம்மா எந்த வேர்னு சொல்லல. எடு."

புல் போயிற்று. கறிவேப்பிலை போயிற்று. துளசியிடம் மட்டும் சடையன் கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். அப்புறம் அதையும் பிடுங்கினான்.

செவ்வாய்க்கிழமை கொம்பையா செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினான். அது கிழக்கே ஓடியது. மேற்கே வெட்டினார்கள். மறுபடி ஊற்றினால் மேற்கே ஓடியது. கிழக்கே வெட்டினார்கள்.

"தண்ணிக்கு நம்மளப் பிடிக்கலைண்ணே" என்றான் கொம்பையா.

"வெந்நீர் ஊத்திப் பாப்பமா?" என்றான் சடையன்.

வேலாண்டி வெகுநேரம் தாடியைத் தடவினான். "வேண்டாம். அம்மா தண்ணின்னுதான் சொன்னாங்க."

புதன்கிழமை முற்றம் முழங்கால் அளவுக்கு இறங்கியது. வியாழக்கிழமை இடுப்பளவு. வெட்டிய மண் தெருவில் குன்றாக ஏறியது. ராத்திரியும் விடாமல் வெட்டியதில், வெள்ளிக்கிழமை காலை ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே களிமண் வந்தது. தண்ணீர் அசையாமல் நின்றது. நால்வரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

பூரணத்தம்மா ஊர் திரும்பியபோது மாப்பிள்ளை வீட்டாரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். பள்ளத்தைப் பார்த்ததும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எறும்புக்குக்கூடக் கால் தடுக்காதும்மா" என்றான் வேலாண்டி பணிவாக.

திட்டக்கூட நேரமில்லை. நல்ல நேரம் முடிய முக்கால் மணிதான் இருந்தது. வீட்டுக்குள் போவதென்றாலும் பள்ளத்தில் இறங்கித்தான் போகவேண்டும். ஏணி போட்டார்கள். வீரலட்சுமிதான் முதலில் இறங்கினாள். மூலைக்கு மூலை நடந்தாள். காலைத் தேய்த்துத் தேய்த்தும் நடந்து பார்த்தாள்.

"தடுக்கலையே" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாகவே.

எல்லாரும் இறங்கினார்கள். ஜமுக்காளம் விரித்து, தட்டு மாற்றி, சந்தனம் பூசிக்கொண்டார்கள். பெண் பார்த்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் செவ்வந்தி சிரித்தாள். சாப்பிடப் போகலாம் என்று எழுந்து பார்த்தால் ஏணியைக் காணோம். அது மேலே சடையன் தோளில் இருந்தது.

"ஏணியை இறக்குடா" என்றாள் பூரணத்தம்மா.

"முற்றத்துல ஒரு சாமான் கிடக்கக்கூடாதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"இப்ப நானே சொல்றேன், இறக்கு."

நால்வரும் கூடிப் பேசினார்கள். வாக்கு என்றால் வாக்குதான் என்று முடிவானது. ஆனால் விருந்தாளிகளைப் பசியோடு விடுவதும் முறையல்ல. கடைசியில் மொக்கையன்தான் வழி சொன்னான். தெருவில் கிடந்த மண்ணைக் கூடை கூடையாக உள்ளே கொட்டினார்கள்.

"அத்தை, இடது காலைத் தூக்குங்க. ஆச்சு. இப்ப வலது கால்" என்றான் மொக்கையன்.

அத்தை தூக்கி வைத்தாள். சம்பந்திகளும் தூக்கி வைத்தார்கள். கூடைக்குக் கூடை எல்லாரும் மிதித்து மிதித்து மேலே ஏறினார்கள். சாயங்காலம் தெரு மட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, அத்தனை கால் மிதித்த தரை களம் போலக் கெட்டியாகச் சமமாக இருந்தது.

வீரலட்சுமிக்குப் பசி ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். "இவ்வளவு நடந்தும் கால் தடுக்கல. ராசியான முற்றம். தட்டு மாத்துன இதே முற்றத்துலதான் கல்யாணமும் நடக்கணும். வேற இடம்னா நான் வரமாட்டேன்" என்றாள்.

பூரணத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் வேலாண்டிக்குக்கூட நன்றி சொல்லிவிட்டு, எல்லாரையும் பந்திக்கு உள்ளே அழைத்துப் போனாள்.

வேலாண்டி மட்டும் கவலையாக நின்றான்.

"ஏண்ணே?" என்றான் கொம்பையா.

"தட்டு மாத்துன முற்றம் இதுவாடா?"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். இல்லைதான். அது ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்தது.

"வேற இடம்னா அத்தை வரமாட்டாங்களே" என்றான் மொக்கையன் கலங்கிப்போய்.

"அதுக்குத்தான் சொல்றேன்" என்று வேலாண்டி மண்வெட்டியை எடுத்தான். "பாத்து வெட்டுங்க. சந்தனம் சிந்தின தரை வந்ததும் நிறுத்திரணும்."