நடுக்கல்லுல யாரு உக்காருவா?

எல்லாரும் காலை மடக்கி உக்காருங்க. கபிலா, தங்கச்சி காதுல புல்லை விடாத, சொல்லிட்டேன். ம், இப்பக் கேளுங்க.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒரு பெருங்காட்டுல ஒரு சிங்கராஜா இருந்தாரு. சின்னச் சின்னச் சண்டை வந்தா அந்தந்த மரத்தடியிலயே பேசித் தீத்துக்குவாங்க. எங்கயும் தீராத வழக்கு வந்தா மட்டும் ஆலமரத்தடி பெரிய கோர்ட்டுக்குப் போவாங்க. அதுக்கு மேல கோர்ட்டே கிடையாது. அங்க மூணு கல்லு. ஒண்ணுல யானை, ஒண்ணுல கருங்குரங்கு, நடுக்கல்லுல ஆமைத் தாத்தா. மூணு பேரும் உக்காந்தாத்தான் வழக்கு, ஒரு கல்லு காலின்னாலும் தீர்ப்பு கிடையாது. யானை உக்காந்தா கல்லு உடையாதான்னு கேக்காத, அது பெரிய கல்லு.

ஒருநாள் ஆமைத் தாத்தா ராஜாகிட்டப் போயி, "சாமி, எனக்கு வயசாயிருச்சு, கண்ணை மூடுறதுக்குள்ள கடலைப் பாத்துடணும்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. ராஜாவும், "பௌர்ணமி அன்னிக்குப் புது ஆளை உக்கார வைக்கிறேன்"னு சொன்னாரு. யாருன்னு மட்டும் வாயே திறக்கல.

அவ்வளவுதான்! காட்டுல ஒருத்தருக்கும் வேலை ஓடல. "ராஜா நேத்து கரடி குகைப் பக்கமா நடந்தாரு, கரடிதான்." "அட போப்பா, மயிலைப் பாத்துத் தலையை ஆட்டினாரு, மயில்தான்." "ரெண்டும் இல்ல, உடும்பைப் பாத்துத் தும்மினாரு, உடும்புதான்." ராஜா தும்முறதுக்கெல்லாம் அர்த்தம் சொன்னா எப்படி? பாவம், அவருக்குச் சளி.

இவங்க இப்படி வாய் பாத்துக்கிட்டு இருக்கையில ஒருத்தி மட்டும் அழுதுக்கிட்டு இருந்தா. அவ பேரு கொண்டையம்மா, மரங்கொத்தி. வேப்பமரத்துல டொக் டொக் டொக்குனு கொத்திக் கொத்தி, அலகு தேயத் தேய ஒரு பொந்து செஞ்சிருந்தா, முட்டை வைக்கிறதுக்கு. அவ இரை தேடப் போன நேரத்துல இந்த உடும்பு உள்ள பூந்து, நகத்தைப் பதிச்சுப் புடிச்சுக்கிட்டான். உடும்பு புடிச்சா விடுமா? "மாமா, இது என் வீடு"ன்னா. "எங்க எழுதியிருக்கு?"ங்குறான். "மாமா, நான்தானே கொத்துனேன்"னா. "கொத்துனதுக்குச் சந்தோசம்"ங்குறான். "மாமா, எனக்கு முட்டை வைக்கிற நாள் வந்துருச்சு"ன்னா. "கோர்ட்டுக்குப் போ"ங்குறான், கண்ணை மூடிக்கிட்டு! கோர்ட்டுலதான் நடுக்கல்லு காலியாச்சே. போதாததுக்கு அவனே அந்தக் கல்லுல உக்காரப் பாக்குறான். உக்காந்துட்டான்னா பொந்து போனது போனதுதான்.

இந்தக் காட்டுக்காரங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? நீதிபதி ஆனவரு யாருகிட்டயும் ஒரு பழம்கூட வாங்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால, ஆகறதுக்கு முன்னாடியே குடுத்து வச்சிடுவோம்னு ஒரு கணக்குப் போட்டாங்க. என்ன மூளை பாருங்க! கரடின்னு பேச்சு வந்த அன்னிக்குக் கரடி குகை வாசல்ல தேனடை குவிஞ்சுது. "நான் இன்னும் நீதிபதி ஆகலையே"ன்னு கரடி நக்கிருச்சு. மயில்னு பேச்சு வந்த அன்னிக்குத் தினையும் சாமையும் குவிஞ்சுது. "நான் இன்னும் நீதிபதி ஆகலையே"ன்னு மயிலும் கொத்திருச்சு.

கொண்டையம்மா மனசு கேக்காம ஆமைத் தாத்தாவைத் தேடிப் போனா. கடலுக்குப் போனவரை எங்க புடிக்கிறதுன்னு நினைக்காதீங்க, அவரு இன்னும் ஆலமரத்து நிழலையே தாண்டல! "தாத்தா, உடும்பு உக்காந்துட்டா நான் எங்க போவேன்?"னு அவ அழுதா, அவரு தன் கதையைச் சொல்றாரு. "அட ஏம்மா நீ வேற. இத்தனை காலம் அந்தக் கல்லுல உக்காந்தேன், ஒருத்தரும் ஒரு கீரைத்தண்டு நீட்டினதில்ல. நீட்டினாலும் வாங்க முடியாதே. நடுக்கல்லுக்கு மட்டும் உக்காரும்போதே ஊரைக் கூட்டி வச்சுச் சத்தியம் வாங்கிடுவாங்க, 'இந்தக் காட்டுல யாரு குடுத்ததும் என் வயித்துல இல்ல'ன்னு. ஒருத்தர் இருக்குன்னு சொல்லிட்டாலும் எழுந்திரிச்சுப் போயிட வேண்டியதுதான். இப்ப இருக்குறவங்க யாரு அதைப் பாத்தா? ராஜாவே பாத்ததில்ல, நான்தான் போன வாரம் ஞாபகப்படுத்தினேன்."

கொண்டையம்மா அழுகை டப்புனு நின்னுருச்சு. ஒரு நிமிசம் தலையைச் சாய்ச்சு யோசிச்சா. அப்புறம் சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு!

நேராப் போயி எறும்பு முட்டையா பொறுக்கி, ஒரு இலையில கட்டி எடுத்துக்கிட்டு, வேப்பமரத்துக்குப் போனா. "மாமா, சாப்பிடுங்க"ன்னா. உடும்பு ஒரு கண்ணைத் திறந்தான். "என்னடி திடீர்னு?"ன்னான். "பெரிய இடத்துக்குப் போற ஆளு நீங்க, சண்டை எதுக்கு மாமா?"ன்னா. அவனுக்கு ஒரே குளிர்ச்சி. எல்லாத்தையும் ஒரே வாயில போட்டுக்கிட்டான்.

அப்புறம் அவ மரம் மரமாப் போனா. ஒரு பொய் சொல்லல, கேட்டுக்கோங்க. டொக் டொக் டொக். "என்னக்கா விசேசம்?"னு அணில் கேட்டுச்சு. "ஒண்ணுமில்ல, உடும்பு மாமாவுக்கு எறும்பு முட்டை குடுத்துட்டு வர்றேன்." டொக் டொக் டொக். கொக்குகிட்டயும் அதேதான். டொக் டொக் டொக். பன்னிகிட்டயும் அதேதான்.

"அய்யய்யோ! பொந்தைப் பறிகுடுத்தவளே போயி முட்டை குடுத்துட்டு வர்றான்னா, அவளுக்கு ஏதோ சேதி தெரிஞ்சிருக்கு! உடும்புதான், உறுதி!"ன்னு காடே கெளம்பிருச்சு. கொக்கு மீன் கொண்டாந்துச்சு, தவளை பூச்சி கொண்டாந்துச்சு, நண்டு நத்தை கொண்டாந்துச்சு. தேன் குடுத்தவங்க, தினை குடுத்தவங்க எல்லாரும் திரும்ப வந்து இவனுக்கும் குடுத்தாங்க. உடும்பு தின்னான், தின்னான், தின்னுக்கிட்டே இருந்தான். "நான் இன்னும் நீதிபதி ஆகலையே, வைங்க வைங்க"ன்னான். வயிறு பொந்தை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு.

பௌர்ணமி வந்துச்சு. காலையிலயே ஆலமரத்தடியில கூட்டம். உடும்பு மூச்சை இழுத்துப் புடிச்சுப் பொந்துலேர்ந்து பிதுங்கி வெளிய வந்து, முன்வரிசையில உக்காந்தான். ராஜா சொன்னாரு, "நடுக்கல்லுக்கு ஆசைப்படுறவங்க வந்து சத்தியம் பண்ணுங்க. இந்தக் காட்டுல யாரு குடுத்ததும் என் வயித்துல இல்லன்னு சொல்லணும்."

கரடி கல்லுகிட்டப் போச்சு. "இந்தக் காட்டுல யாரு…"ன்னு ஆரம்பிச்சுது, மீசையில தேன் சொட்டுது. வந்த வழியே திரும்பிருச்சு. மயில் போச்சு. வாயைத் திறக்குறதுக்குள்ள ஒரு குருவி, "என் தினை!"ன்னு கத்திருச்சு. அதுவும் திரும்பிருச்சு.

உடும்பு போனான். ராஜா கூட்டத்தைப் பாத்து, "இவனுக்குக் குடுத்தவங்க கையைத் தூக்குங்க"ன்னாரு. கையுள்ளது கையை, காலுள்ளது காலை, றெக்கையுள்ளது றெக்கையைத் தூக்குச்சு. தூக்காதது ஆலமரம் மட்டுந்தான்.

"ராஜா, அப்ப நான் நீதிபதி இல்லையே!"ன்னு உடும்பு கத்தினான்.

"போன வருசமும் நீ நீதிபதி இல்லடா. அப்ப ஒரு பூச்சியாவது உனக்கு வந்துச்சா?"ன்னாரு ராஜா.

கூட்டம் கொல்லுனு சிரிச்சுது. உடும்பு அப்படியே நழுவி வேப்பமரத்துக்கு ஓடினான், பொந்துக்குள்ள போயி நகத்தைப் பதிச்சுக்கலாம்னு. தலை போச்சு, கழுத்து போச்சு, வயிறு போகல! முக்கினான், முனகினான், பொத்துனு கீழ விழுந்தான்.

இங்க ராஜா தலையில கையை வச்சுக்கிட்டாரு. "யாரு குடுத்ததும் வாங்காத ஆளு ஒண்ணுகூடவா இல்ல?" அப்ப யானை மெதுவா, "இன்னிக்கு வராத ஆளு ஒண்ணு இருக்கு ராஜா"ன்னுச்சு. யாரு? முள்ளாச்சி! முள்ளம்பன்றிக் கிழவி. ரெண்டு பேரு சண்டைன்னு போனா ரெண்டு பேரையும் திட்டுவா, திட்டி முடிக்கையில தப்பு யாரு மேலன்னு தப்பு செஞ்சவனுக்கே தெரிஞ்சு போயிடும். ஆனா அந்த முள்ளுக்கும் அந்த வாய்க்கும் பயந்து, அவ பேரை ஒருத்தரும் எடுக்கல, ஒரு கிழங்கும் கொண்டு போகல.

ராஜாவே அவளைத் தேடிப் போனாரு. கிழங்கு தோண்டிக்கிட்டு இருந்தவ நிமிரவே இல்ல. "வேலை நேரத்துல என்னய்யா?"ன்னா. "ஆச்சி, நடுக்கல்லுல வந்து உக்காரணும்." "உக்காந்தா, யாரு ஜெயிக்கணும்னு நீ சொல்லுவியா?" "மாட்டேன் ஆச்சி." "நீயே தப்பு பண்ணினா திட்டலாமா?" "திட்டலாம் ஆச்சி." "அப்ப நட"ன்னு வந்தா. சத்தியம் சொன்னா. ஒரு கை எழும்பல. நடுக்கல்லுல உக்காந்து முள்ளைச் சிலுப்பினா, கருங்குரங்கு பயத்துல கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிச்சு.

முதல் வழக்கு யாரோடது? சரியாச் சொன்ன, கொண்டையம்மாவோடது. உடும்பைக் கூட்டியாந்தாங்க, நடக்க முடியாம உருண்டு வந்தான். மூணு பேரும் கேட்டாங்க, மூணு பேரும் ஒண்ணாத் தீர்ப்பு சொன்னாங்க. "பொந்து அவளோடது. நீ வாங்கித் தின்னதை வீடு வீடாத் தேடிப் போயித் திருப்பிக் குடு." முள்ளாச்சி கூட்டத்தையும் விடல. "குடுத்தவங்களுக்கு வெக்கமா இல்ல?"ன்னு ஒரு மூச்சுத் திட்டித் தீத்தா. ஆனா பாருங்க, திட்டு வாங்கினவங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டேதான் வீட்டுக்குப் போனாங்க. இனிமே தன் வழக்கு எப்படியும் நேராத்தான் நடக்கும்னு ஒவ்வொருத்தருக்கும் மனசு லேசாயிருச்சு.

கொண்டையம்மா அந்தப் பொந்துல மூணு முட்டை வச்சா. குஞ்சு பொரிச்ச சந்தோசத்துல ஒரு அத்திப்பழத்தை அலகுல தூக்கிக்கிட்டு முள்ளாச்சியைப் பாக்கப் போனா. முள்ளாச்சி சடார்னு முள்ளு அத்தனையையும் நிமித்தி, "எடுத்துட்டுப் போடி!"ன்னு ஒரு அதட்டுப் போட்டா. இவ பறந்த பறப்புல பழம் சிந்தல, அதுவரைக்கும் நல்லது. குஞ்சுங்க மூணும் அடிச்சுக்கிட்டுத் தின்னுதுங்க.

அடுத்தவங்களுக்கு நியாயம் சொல்லணும்னா, அவங்க குடுத்தது நம்ம வயித்துல இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விசயம். கொண்டையம்மா பொந்துக்குள்ள போயிட்டா, நீங்க போர்வைக்குள்ள போங்க.