தடித்த பக்கம்

"பாகம் பிரித்ததில் என் மேல் ஒரு பிழையும் இல்லை, அம்மா. பிறகு ஏன் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது?"

உடையப்பன் மலையடிவாரத்து மடத்துக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றுதான் வாய் திறந்தார். மடத்தை நடத்திய பூரணத்தம்மை அவரைவிட இருபது வயது இளையவர். வந்த நாளிலிருந்து அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை.

நடந்ததை உடையப்பனே சொன்னார்.

அவரும் தம்பி சேவுகனும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். சங்கிலி பிடித்து அளந்து, சரிபாதி. கிணறு மட்டும் அண்ணன் பக்கம் விழுந்தது. தண்ணீர் எடுக்க ஒற்றையடிப் பாதை விடும்படி தம்பி மூன்று முறை வந்து கேட்டான். பத்திரத்தில் பாதை இல்லை என்று இவர் வேலி போட்டார்.

சேவுகன் தன் பக்கத்தில் தானே கிணறு வெட்டினான். இருபதடி இறங்கியதும் மண் சரிந்தது. உடலை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

அவன் மனைவி வள்ளிக்கண்ணு இப்போது வேலியை ஒட்டித்தான் குடத்தோடு ஊருணிக்குப் போகிறாள். ஒரு தடவைகூட இவர் பக்கம் திரும்பியதில்லை.

அம்மை எல்லாவற்றையும் கேட்டார். கூரைக்குச் சட்டம் பிளக்க வேண்டும், வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

கொட்டகையில் மரம் பிளக்கும் கத்திகள் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் பிடி அலகுக்குச் செங்குத்தாக நின்றது. ஒன்று மெல்லியது, கூர் தீட்டியது. மற்றது தடித்த முதுகு, மழுங்கல்.

உடையப்பன் தீட்டியதை எடுத்தார். பச்சைக் கட்டையை நிறுத்தி, தலையில் கத்தியை வைத்து, கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். கத்தி இழைகளை வெட்டிக்கொண்டு கோணலாக இறங்கிச் சிக்கிக்கொண்டது. அசைத்து எடுக்கவே நேரம் போயிற்று.

"அது வெட்டுகிற கத்தி" என்றார் அம்மை. "நமக்கு வேண்டியது விலக்குகிற கத்தி."

உடையப்பன் மழுங்கலை எடுத்தார். இந்த முறை கவனமாக, நூல் பிடித்து நடுவில் வைத்தார். அடித்தார். பிடியை இழுத்து நெம்பினார். கட்டை இழையோடு வாய் திறந்தது. முழ நீளம் நேராகப் போன பிளவு, பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கியது. அந்தப் பக்கம் மெலிந்துகொண்டே போய், பாதியில் முறிந்து விழுந்தது.

அடுத்த கட்டையும் அப்படியே.

அவருக்கு முகம் சிவந்தது.

"நடுவில்தானே வைத்தேன். நீங்களே பார்த்தீர்கள்."

"பார்த்தேன். அதில் பிழை இல்லை."

அம்மை கத்தியை வாங்கி, மூன்றாவது கட்டையைப் பிளந்தார். அவருக்கும் பிளவு ஒதுங்கத்தான் செய்தது. உடனே நிறுத்தினார். கட்டையை அங்கே நட்டிருந்த கவட்டைக் கிளையின் இடுக்கில் கொடுத்து, தடித்த பக்கம் கீழே வரும்படி திருப்பினார். மெலிந்த பக்கத்தைத் தொடவே இல்லை. பிளவுக்குள் கையை விட்டு, தடித்த பக்கத்தின் மேல் உள்ளங்கையை ஊன்றி, உடம்பின் கனத்தையெல்லாம் இறக்கி அழுத்தினார். அது முனகிக்கொண்டு வளைந்தது.

பிளவு மெல்லத் திரும்பி நடுவுக்கு வந்தது.

உடையப்பன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முறிந்துபோன பக்கத்தை என்ன செய்வது, அம்மா?"

"ஒன்றும் செய்ய முடியாது." அம்மை அதை அடுப்பு விறகோடு தள்ளினார்.

உடையப்பனின் தலை குனிந்தது. மறுபடி கேட்டார்.

"தடித்த பக்கத்தை?"

அம்மை அதை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இன்னும் ஈரம் இருக்கிறது" என்றார். "காய்ந்துவிட்டால் வளையாது."