தங்கச் சேணமும் ஆறாத புண்ணும்

முன்னொரு காலத்தில், குதிரைகள் பறக்கும் என்று பெரியவர்களே நம்பிக்கொண்டிருந்த நாளில், பரிவள நாட்டை இளவேங்கை ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் சகுனம் பார்ப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. யாராவது தும்மினால் உட்கார்ந்துவிடுவார், பூனை குறுக்கே வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா இறந்தால்தான் அவர் குதிரையின் சேணத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். அவர் உயிரோடு இருக்கும்போது கவிழ்த்தால் அவர் பிழைக்கமாட்டார் என்று நம்பிக்கை. கவிழ்த்தவர் தலையும் தங்காது.

அரண்மனைக் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்டவள் சிலம்பாயி. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் பிள்ளை மனசு. தாயில்லாக் குட்டியாக வந்த வெள்ளைக் குதிரை பால்முகிலைக் கையால் பாலூட்டி வளர்த்தவள் அவள்தான். இப்போது அது ராஜா ஏறும் குதிரை.

கல்மலையில் சடாமுண்டி என்றொரு மந்திரவாதி இருந்தான். அவன் குகை வாசலில் தொண்ணூற்றொன்பது கல் குதிரைகள் நின்றன. அத்தனையும் ஒரு காலத்தில் புல் தின்ற குதிரைகள். நூறாவது கிடைத்துவிட்டால் அவனுக்குச் சாவே கிடையாது. ஆனால் அது ராஜாவின் குதிரையாக இருக்க வேண்டும், ராஜாவே வாயால் "கொண்டு போ" என்று சொல்ல வேண்டும்.

கோட்டைத் திருவிழா வந்தது. மூன்று நாள் ராஜா குதிரையேறிக் கோட்டையைச் சுற்ற வேண்டும். சடாமுண்டி பல்லை இளித்துக்கொண்டு ஒரு தங்கச் சேணத்தைப் பரிசாகக் கொண்டுவந்தான். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் சுற்றி முடிந்தது. சிலம்பாயி சேணத்தை இறக்கினாள். பிடரி முடியும் இடத்தில் நெல்லிக்காய் அளவுக்குப் புண்! தொட்டால் துடித்தது, தொடாவிட்டால் தவித்தது.

காத்திருந்தவன் போல வந்தான் சடாமுண்டி. "மகாராஜா, என் பச்சை மருந்தைப் பூசினால் புண் மறையும். மூன்றாம் நாளும் புண் வந்தால் இது ராசியில்லாத குதிரை. என்னிடம் கொடுத்துவிடுங்கள்."

ராசி என்ற சொல் காதில் விழுந்ததுமே ராஜா தலையாட்டிவிட்டார்.

மருந்து பட்டதும் தோல் மூடிக்கொண்டது. சிலம்பாயி கைவைத்துப் பார்த்தாள். அனலாய்ச் சுட்டது.

"மகாராஜா, மேலே மூடியிருக்கு, உள்ளே கொதிக்குது. உப்புத் தண்ணியில கழுவி, ஈ அண்டாம காத்தாட விடணும். ஆறுற வரைக்கும் சேணமே போடக் கூடாது."

"திருவிழாவில் ராஜா நடந்தா போவார்? போ, போ!"

இரண்டாம் நாள் புண் எலுமிச்சை அளவுக்கு வந்தது. தொட்டால் துடித்தது, தொடாவிட்டால் தவித்தது. மறுபடியும் பச்சை மருந்து, மறுபடியும் மூடிய தோல். சிலம்பாயி சேணத்தை இறுக்கும் வயிற்றுவாரைத் தடவிப் பார்த்தாள், அதில் குற்றமில்லை. குதிரையைத் தேய்க்கும் தூரிகையைப் பார்த்தாள், குற்றமில்லை. சேணத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள், பஞ்சுபோல மெத்தென்று இருந்தது. அப்படியானால் எது அரைக்கிறது? அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

'சும்மா இருந்தா ஒண்ணுமில்லை. ஆள் ஏறினால்?' என்று தோன்றியது. ஒரு கையை அடியில் கொடுத்து, முழங்கையால் சேணத்தின் மேல் பலமாக அழுத்தினாள். உள்ளங்கையில் சுருக்கென்றது. பார்த்தால் ரத்தம்!

ராஜாவிடம் ஓடினாள். "சேணத்துக்குள்ள என்னமோ இருக்கு மகாராஜா. ஒரே ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்துடறேன்."

"என் உயிரை வாங்கப் பார்க்கிறாயா?" என்று ராஜா சீறினார். தூணருகே நின்ற சடாமுண்டி சிரித்துக்கொண்டான். அந்த நாட்டில் சேணத்தின் அடியை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்துதானே செய்தான், பாவி!

மூன்றாம் நாளும் சுற்றி முடிந்தது. ஊரே கூடி நிற்க, அவள் சேணத்தை இறக்கினாள். மாதுளம்பழம் அளவுக்குப் புண், ரத்தம் வழிய. ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கொண்டு போ" என்றார்.

சடாமுண்டி கடிவாளத்தைப் பிடித்தான். பால்முகிலின் ஒரு குளம்பு கல்லானது. முழங்கால் கல்லானது. குதிரை கழுத்தை வளைத்துச் சிலம்பாயியைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"என் தலை போனால் போகட்டும்!" என்று சேணத்தைப் புரட்டிக் கவிழ்த்தாள்.

"ஐயோ!" என்று ஊரே அலறியது. சில பெண்கள் ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். ராஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அவள் புல்லறுக்கும் அரிவாளால் அடித்தோலைக் கிழித்தாள். உள்ளே ஒரு செப்புத் தேள், கொடுக்கில் ஈரத்தோடு நெளிந்தது. லாடம் அடிக்கும் சுத்தியலை எடுத்து ஒரே போடு போட்டாள்.

தேள் நொறுங்கியதும் மந்திரம் சடாமுண்டி மேலேயே திரும்பியது, கடிவாளத்தைப் பிடித்தபடியே கல்லாகிப்போனான். பால்முகிலின் கால் பழையபடி சதையானது. கல்மலைப் பக்கமிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு தொண்ணூற்றொன்பது குதிரைகள் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு புண்.

ராஜா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "நான் செத்துவிட்டேனா?"

"செத்தவங்க கேள்வி கேட்கமாட்டாங்க மகாராஜா. எழுந்திருங்க, வேலை கிடக்கு."

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார்.

"பத்து மூட்டை உப்பு, வண்டி வண்டியா வேப்பிலை, மஞ்சள். அப்புறம் நீங்க."

நாட்டுக் குதிரைகளுக்கெல்லாம் அன்றே அவளைத் தலைவியாக்கினார் ராஜா. தலைவியின் முதல் உத்தரவு ராஜாவுக்குத்தான். அவள் கழுவிக் கழுவி மருந்திட, அவர் வேப்பங்கொத்தால் ஈ ஓட்டினார். எங்கே போவதானாலும் நடந்தே போனார். காலில் கொப்புளம் வந்தது, அதற்கும் உப்புத் தண்ணீர்தான்.

நாற்பது நாள் ஆயிற்று. பால்முகிலின் முதுகில் புதுமயிர் முளைத்திருந்தது. ராஜா பயந்து பயந்து அந்த இடத்தில் விரலை வைத்தார். அது சிலிர்க்கவில்லை, விலகவில்லை. "என்னை மன்னித்துவிடு" என்று அதன் காதோரம் சொல்லி அழுதார். பால்முகில் திரும்பி, அவர் தலைப்பாகையில் செருகியிருந்த பூவைப் பறித்து மென்று தின்றது.

சிலம்பாயி சிரித்த சிரிப்பு கோட்டை வாசல்வரை கேட்டதாம். அவர்களும் சுகம், குதிரைகளும் சுகம், கேட்டிருந்த நாமும் சுகமாய் இருப்போம்.