ஆகையால்

அருளானந்தம் இருபது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார் ஆக வேண்டும் என்று நாற்பத்தெட்டு வயதில் வேதபாடசாலையில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியை எப்சிபா, அவரைவிடப் பதினான்கு வயது இளையவர்.

ஒரு வெள்ளிக்கிழமை அருளானந்தம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல, கர்த்தர் எனக்குச் செஞ்சதைச் சாட்சியாச் சொல்லப்போறேன் டீச்சர். பிழை இருந்தா திருத்திக் கொடுங்க."

"மைக் வேணுமா அண்ணாச்சி?"

"டிக்கெட் டிக்கெட்னு கத்தின தொண்டை. மைக் எதுக்கு?"

எப்சிபா வாசித்தார். மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த மகளைப் பற்றி எழுதியிருந்தது. கடைசியில் இப்படி முடிந்தது: 'இருபத்தொரு நாள் பொழுது சாயும்வரை தண்ணீர்கூடத் தொடாமல் உபவாசம் இருந்தேன். ஆகையால் கர்த்தர் என் மகளை எழுப்பினார்.'

'ஆகையால்' என்பதன் அடியில் எப்சிபா கோடு போட்டார்.

"எழுத்துப் பிழையா டீச்சர்?"

"எழுத்து சரிதான். மகளுக்குப் பக்கத்துக் கட்டில்ல யாரு கிடந்தா?"

"நம்ம சபையில கோயில்பிள்ளைன்னு ஒருத்தர், அவரோட மகன்."

"கோயில்பிள்ளை உபவாசம் இருந்தாரா?"

"இருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவுல ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருந்தோம். பையன் பிழைக்கலை."

"ஞாயித்துக்கிழமை அவர் கோயிலுக்கு வருவாரா?"

"ஒரு வாரம்கூடத் தப்பமாட்டார்."

"அப்போ முதல்ல அவருக்கு வாசிச்சுக் காட்டிட்டு வாங்க."

மறுநாள் அருளானந்தம் வந்தார். தாள் சட்டைப்பையில் இருந்தது.

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். பொறுமையாக் கேட்டார். உம்ம பிள்ளை எழுந்துட்டாளே, அது போதும்னார்." அருளானந்தம் தொண்டையைச் செருமினார். "அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னார். பதினோராம் நாள் மத்தியானம் மயக்கம் வந்து அவர் ஒரு வாய் டீ குடிச்சாராம். அதனாலதான் கர்த்தர் மகனை எடுத்துக்கிட்டாரான்னு கேட்டார்."

எப்சிபா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"நாலு மாசமா அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கார் டீச்சர். வீட்டுல டீயே போடறதில்லையாம்."

"அந்த டீயை வாங்கிக் கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"ஒரு டீதானா வாங்கினீங்க?"

அருளானந்தம் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு."

"ரெண்டாவது?"

"நான் குடிச்சேன். முழுசாக் குடிச்சேன் டீச்சர்."

"அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. கண்ணை மூடிப் படுத்திருந்தார்."

வகுப்புக்கு மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"அப்போ கர்த்தர் எதுக்காக என் மகளைக் கொடுத்தார் டீச்சர்?" என்று அருளானந்தம் கேட்டார்.

"முதல்ல போய் அந்த ரெண்டாவது டீயைப் பத்திக் கோயில்பிள்ளைகிட்ட சொல்லுங்க" என்றார் எப்சிபா. "அப்புறம் இந்தக் கேள்வியை ரெண்டு பேரும் சேர்ந்து கர்த்தர்கிட்ட கேளுங்க."