கொசுறாக வந்த குஞ்சு

ஓடைக்காட்டுப்புதூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. அந்த ஊரை இன்றுவரை முன்னேற விடாமல் காத்து வருவது அந்தக் குணம்தான்.

ராக்கியண்ணனிடம் அது மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகம். அவன் மனைவி பாவாயி ஆறு கோழி வளர்த்தாள். ஒருமுறை வெளியூர்க் கல்யாணத்துக்குப் புறப்படும்போது, "விடிஞ்சதும் கூண்டைத் தெறந்து உட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். விடிந்ததும் திறந்துவிட்டான். பொழுது சாய்ந்ததும் மூடச் சொல்லி அவள் சொல்லவில்லை. ஆகையால் மூடவில்லை. கீரிப்பிள்ளைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அது தன் இஷ்டப்படி நடந்துகொண்டது.

திரும்பி வந்த பாவாயி வாசலில் இறகுகளை மட்டும் பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாள் கழித்து, ஊர்த் திருவிழா நெருங்குகிற சமயத்தில் போன் செய்தாள்.

"நோம்பிக்கு முந்தின வெள்ளிக்கிழமை மினி பஸ்ஸுல வாரன். நான் எறங்கையில கோழிக்குஞ்சு கத்தற சத்தம் என் காதுல உழுகோணும். உழுகலீன்னா வந்த பஸ்ஸுலயே திரும்பிருவேன். அப்பறம் நீங்களாச்சு, உங்க சோத்துச் சட்டியாச்சு."

ராக்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் சோற்றுச் சட்டிதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் சோறாக்கும் வழி கேட்டிருந்தான். "அரிசியைக் கழுவி, தண்ணி ஊத்தி, அடுப்பு மேல வெச்சு மூடிரு" என்றாள். அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லவில்லை. பத்து நாளாக அவன் ஊறின அரிசியைத் தின்றுகொண்டிருந்தான்.

"குஞ்சு வாங்கிர்றேன் பாவாயி. எப்படி வாங்கறதுன்னு மட்டும் சொல்லிரு" என்றான்.

பாவாயி சொன்னாள். "பண்ணைக்காரன் நோவுக் குஞ்சைத் தலையில கட்டிருவான். சூதானம். ஒவ்வொண்ணையும் கையில எடுத்து, கண்ணு, மூக்கு, பின்னாடி எல்லாம் நெதானமாப் பாருங்க. பார்க்காம ஒண்ணைக்கூட வாங்காதீங்க. ஊட்டுக்கு வந்தப்பறம் மத்ததுகளாட்டம் இல்லாம ஒண்ணு இருந்தா, அதுக்கு நோவுன்னு அர்த்தம். உடனே பிரிச்சு வெச்சிருங்க. நோவு வந்தப்பறம் மருந்து குடுத்துப் பிரயோசனமில்லை, நல்லா இருக்கற குஞ்சுக்கு முன்கூட்டியே குடுத்தரோணும். கதகதப்பா வெய்யுங்க. தொட்டாக் கையைக் கழுவுங்க, சில நோவு ஆளுக்கும் ஒட்டும்."

இதில் ஒரு சொல்லும் சிந்தாமல், போன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டவன் வேலப்பன், ராக்கியண்ணனின் சித்தப்பா மகன். காதில் விழுந்ததை அப்படியே ஒப்பிப்பான். அர்த்தம் மட்டும் கேட்கக்கூடாது. அர்த்தம் சொல்வதற்குச் சடையப்பன் இருந்தார். அவர் ராக்கியண்ணனின் தாய்மாமன். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பெரும்பாலும் யோசித்துக்கொண்டேதான் இருப்பார்.

மூன்று பேரும் சந்தைப்பேட்டைக்குப் போனார்கள்.

அங்கே சிகாமணி என்பவர் குஞ்சுப் பண்ணை வைத்திருந்தார். வெளிச்சத்தில் ஒரு பெட்டி, இருட்டு மூலையில் ஒரு பெட்டி. வெளிச்சத்துப் பெட்டியைக் காட்டி விலை பேசுவார், இருட்டுப் பெட்டியிலிருந்து கட்டிக் கொடுப்பார். யாராவது கேட்டால், "தூக்கக் கலக்கமுங்க", "பிரயாண அலுப்புங்க" என்று சொல்ல வருஷக்கணக்காகப் பழகி வைத்திருந்தார். அன்றைக்கு அந்தப் பழக்கம் வீணாகப் போயிற்று.

ராக்கியண்ணன் வெளிச்சத்துப் பெட்டியில் கைவிட்டு ஒரு குஞ்சை எடுத்தான். அது துள்ளிக் குதித்துச் சடையப்பன் தோளில் ஏறி அவர் கடுக்கனைக் கொத்தியது. இன்னொன்றை எடுத்தான். அது வேலப்பன் சட்டைப்பைக்குள் போய் மறு பக்கம் பார்த்து நின்றது. மூன்றாவதை எடுக்கவே முடியவில்லை.

"மாமா, கண்ணைப் பார்க்கப் போனா மூக்கு வருது. மூக்கைப் பார்க்கப் போனாக் குஞ்சே போயிருது."

"பார்க்காம ஒண்ணைக்கூட வாங்காதீங்கன்னு அண்ணி சொல்லியிருக்குது" என்றான் வேலப்பன்.

சடையப்பன் கண்ணை மூடினார். "பார்க்க உடமாட்டேங்குதுன்னா எதையோ மறைக்குதுன்னு அர்த்தம். இந்தப் பெட்டி வேண்டாம்."

அப்போது ராக்கியண்ணன் இருட்டு மூலையைப் பார்த்தான். அங்கே ஒரு பெட்டி நிறையக் குஞ்சுகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, இறகைச் சிலுப்பிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பிள்ளைகள் போல உட்கார்ந்திருந்தன. ஒன்றை எடுத்தான். அது அவன் கட்டைவிரலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. திருப்பினான், திரும்பியது. கவிழ்த்தான், கவிழ்ந்தது.

"அடடா, என்ன அடக்கம்! மாமா, மூக்குல தண்ணி வடியுதுங்க."

"நல்லதுதான். மாட்டுக்கு மூக்கு ஈரமா இருந்தாத்தானே வாங்கறோம்?"

"கண்ணு பாதி மூடியிருக்குதுங்க."

"யோசிக்குது" என்றார் சடையப்பன் மரியாதையோடு.

பதினொரு குஞ்சுகளை இப்படி நிதானமாகப் பார்த்து எடுத்தார்கள். சிகாமணிக்கு வியர்த்துவிட்டது. ஏமாற்றிப் பழகிய மனிதர்தான், ஆனால் இப்படித் தேடிக் கேட்டு வாங்குகிறவர்களை அவர் கண்டதில்லை.

"ஏனுங்க, வெளிச்சத்துப் பெட்டியை இன்னொருக்காப் பாருங்களேன்."

"நல்ல குஞ்சைக் குடுக்க மனசு வரமாட்டேங்குதோ?" என்று சடையப்பன் ஒரு கண்ணைத் திறந்து கேட்டார். "எங்களை ஏமாத்த முடியாதுங்க."

சிகாமணி கட்டிக் கொடுத்தார். மனசு உறுத்தவே, வெளிச்சத்துப் பெட்டியிலிருந்து ஒரு நல்ல குஞ்சைப் பிடித்துக் கொசுறாகக் கூடையில் போட்டார்.

வீட்டுக்கு வந்து பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே குஞ்சுகளை விட்டார்கள். பதினொன்று உட்கார்ந்தன. ஒன்று மட்டும் ஓடியது. கத்தியது. தண்ணீரில் காலை விட்டது. உட்கார்ந்திருந்தவற்றின் முதுகில் ஏறி இறங்கியது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"மத்ததுகளாட்டம் இல்லாம ஒண்ணு இருந்தா..." என்று வேலப்பன் மெதுவாக ஆரம்பித்தான்.

ராக்கியண்ணன் ஓடுகிறதையும் உட்கார்ந்திருக்கிறதையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒருவேளை அது நல்லா இருந்து, மத்த பதினொண்ணும்..."

"கிறுக்கா!" என்றார் சடையப்பன். "பதினொரு பேருக்கு ஒரே நாள்ல நோவு வருமா? அதையும் உடு. கடைக்காரன் நல்லதையா கொசுறாக் குடுப்பான்? நீ தக்காளி வாங்கையில கொசுறாக் குடுத்தது எப்படி இருந்துது?"

"நசுங்கி இருந்துதுங்க."

"ஆச்சா?"

கொசுறுக் குஞ்சைத் துணியால் பிடித்து, மாட்டுக்கொட்டகையில் தனியாக ஒரு கூடைக்கடியில் வைத்தார்கள். அது அங்கேயும் கத்தியது. "பாவம், வலி பொறுக்கலை" என்று ராக்கியண்ணன் காதைப் பொத்திக்கொண்டான். சடையப்பன் அதன் நோவுக்கு அடையாளம் நாலு வகுத்தார்: கண் பளபளக்கும், வாய் ஓயாது, கால் ஓரிடத்தில் நிற்காது, எப்போதும் பசிக்கும்.

மருந்து அரைத்தார்கள். மஞ்சள், மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், வேப்பங்கொழுந்து. நோவு வந்ததற்குக் கொடுத்துப் பிரயோசனமில்லை என்று பாவாயி சொல்லியிருந்ததால் கொசுறுக்குக் காட்டவே இல்லை. நல்லா இருக்கிற பதினொன்றுக்கும் முன்கூட்டியே, வேளை தவறாமல், சொட்டுச் சொட்டாக ஊட்டினார்கள்.

கதகதப்புக்குப் பஞ்சாரத்தில் குண்டு பல்பு தொங்கியது. ஒருநாள் காலையில் கரண்டு போயிற்று. சடையப்பன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கம்பளியைப் போர்த்தி, பதினொரு குஞ்சுகளையும் மடியில் போட்டு, வாசலில் குந்திவிட்டார். அடைக்கோழி எழுந்திருக்காது, அதனால் அவரும் எழுந்திருக்கவில்லை. அடைக்கோழி பேசாது, அதனால் அவரும் பேசவில்லை.

"மாமா, சோறு வேணுங்களா?" என்று வேலப்பன் கேட்டான். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். வேலப்பன் புரிந்துகொண்டு ஒரு கைப்பிடி கம்பை அவர் முன்னால் இறைத்தான். சடையப்பன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தின்றார்.

ராக்கியண்ணனுக்கு ஒரு கவலை மட்டும் தீரவில்லை. "குஞ்சு அத்தனையும் நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணும் கத்தமாட்டேங்குதே மாமா. பாவாயி காதுல என்ன உழுகும்?"

கரண்டு வந்தபின் சடையப்பன் வாய் திறந்தார். "நல்ல குஞ்சு எப்படிக் கத்தும்? சத்தத்தை நாம போட்டுக்கலாம்."

அன்று முதல் காலையும் மாலையும் மூன்று பேரும் வாசலில் குந்தி, கீச் கீச் என்று கத்திப் பழகினார்கள். ராக்கியண்ணன் குரல் நன்றாக வந்தது. சடையப்பன் குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா தன் கோழிகளைக் கூண்டில் அடைத்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கையில் ராக்கியண்ணன் பஞ்சாரத்தைத் தூக்கினான். "ஐயோ!" என்று அலறினான்.

"என்னடா மாப்ளே?"

"ஒண்ணு கண்ணைத் தெறந்திருச்சுங்க மாமா!"

சடையப்பன் ஓடி வந்தார். ஒன்று கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. இன்னொன்று எழுந்து நின்றது. மூன்றாவது, அவர் முன்னிலையிலேயே, கீச் என்றது.

"ஒட்டிருச்சு" என்றார் சடையப்பன், தலையில் கைவைத்து.

ஒட்டியவற்றைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். மறுநாள் நாலு, அதற்கு அடுத்த நாள் மிச்சம் நாலும் அங்கே போயின. பஞ்சாரம் காலி, கொட்டகையில் பன்னிரண்டும் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. கூடைக்கடியில் கைவிட்டால் கையைக் கொத்தின. ராக்கியண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து, ஊறின அரிசியை மென்றபடி அழுதான். பாவாயிக்குக் காட்ட ஒரு நல்ல குஞ்சுகூட இல்லை.

"பண்ணைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்து, இருட்டுப் பெட்டியில இருந்து வேற நல்லதா மாத்திக்கலாம்" என்றார் சடையப்பன். "பாவாயி வர்ற பஸ்ஸு திரும்பிச் சந்தைப்பேட்டைக்குத்தானே போகுது. அதுலயே ஏறிரலாம். அவ எறங்கையில நாம இந்தப் பக்கமா ஏறிக்கிட்டா, அவளுக்குத் தெரியாது."

"நாம ஏறிப் போயிட்டா வாசல்ல கீச் கீச்னு யாருங்க கத்தறது?"

இதைச் சடையப்பன் யோசித்திருக்கவில்லை. கண்ணை மூடினார். அவர் திறப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

மினி பஸ் வேப்பமரத்தடியில் வந்து நின்றது. கூடையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் படியில் கால் வைக்க, அதே படியில் பாவாயி இறங்கினாள். கூடைக்குள் பன்னிரண்டு குஞ்சுகளும் ஒரே நேரத்தில் கத்தின.

பாவாயி நின்றாள். காதைத் தீட்டிக் கேட்டாள். கூடையின் மூடியைப் பிடுங்கினாள். குஞ்சுகள் மரத்தடி முழுக்கச் சிதறி ஓடின.

"அட என் தங்கங்களா!" என்று அவளும் பின்னாலேயே ஓடினாள். ஒன்றைப் பிடித்து முத்தம் கொடுத்தாள், அதை விட்டு இன்னொன்றைத் துரத்தினாள். "ஏனுங்க, நெசமாலுமே நீங்களா வாங்குனீங்க? ஒண்ணுகூடச் சோடை இல்லையே! கண்ணைப் பாருங்க, காலைப் பாருங்க! பன்னெண்டுமா? பன்னெண்டுமே பொழைச்சு நிக்குதா? நான் இனி எங்கயும் போகலைங்க. வாங்க ஊட்டுக்கு, எனக்கு ஒரே பசி, சோறாக்கறேன்!"

ராக்கியண்ணன் அவளையே பார்த்தான். கண் பளபளத்தது. வாய் ஓயவில்லை. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பசிக்கிறது என்று வேறு சொல்லிவிட்டாள். அவன் ஓரடி பின்வாங்கினான்.

"மாமா, நாலும் இருக்குதுங்க."

"பார்த்தேன்" என்றார் சடையப்பன் தாழ்ந்த குரலில். "மூடியைத் தெறந்த மாத்திரத்துல ஒட்டிருச்சு."

"சில நோவு ஆளுக்கும் ஒட்டும்னு அண்ணியே சொல்லுச்சு" என்றான் வேலப்பன். "மத்ததுகளாட்டம் இல்லாததைப் பிரிச்சு வெக்கோணும்."

"பாவாயியைப் பிரிச்சு வெக்கறதுங்களா மாமா? இப்பத்தான் வந்திருக்கறா..."

சடையப்பன் மரத்தடியில் நிற்பதையெல்லாம் எண்ணினார். ஓடுகிறவை பன்னிரண்டு, பாவாயியோடு பதின்மூன்று. சும்மா நிற்கிறவர்கள் மூன்று பேர். அவர் கண்ணை மூடினார்.

"மாப்ளே, மத்ததுகளாட்டம் இல்லாதது நாமதான்."

மூன்று பேரும் பஸ்ஸில் ஏறினார்கள். ராக்கியண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பாவாயி, மருந்து குடிக்காத! இனிப் பிரயோசனமில்லை!" என்று கத்தினான். அவள் ஒரு குஞ்சைத் துரத்துகிற சிரிப்பில் அதைக் கேட்கவில்லை.

பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தான். பஸ் நிறைய ஆட்கள் நோம்பிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஓயாமல் பேசினார்கள். குழந்தைகள் கம்பியில் தொங்கினார்கள். ஒரு தாத்தா கண்கள் மின்ன முறுக்குத் தின்றார்.

"பஸ்ஸு பூராப் பரவியிருக்குதுங்க மாமா!"

"எங்கீங்க போகோணும்?" என்று கண்டக்டர் துள்ளி வந்து கேட்டார்.

"நோவு இல்லாத ஊரு எதுவோ, அதுக்கு மூணு டிக்கெட்டுங்க" என்று ராக்கியண்ணன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு சொன்னான்.

சடையப்பன் அவன் தோளைத் தொட்டார். முன்னால் கையைக் காட்டினார். அங்கே, புறப்படும் நேரமாகியும், டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மூக்கு ஈரமாக, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாத மாப்ளே" என்றார் சடையப்பன். "வண்டி ஓட்டறவரு நல்லாத்தான் இருக்கறாரு."