எந்த மரம் கரையைத் தாங்குகிறது?

ஏரிக்கரையில் மரம் வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஜமீன்தார் சிங்கமுத்துவுக்கோ அங்கேதான் மாளிகை கட்ட ஆசை. கோடரி ஆட்களோடு வந்தவரைக் கரைக்காவல் பூவாயி மறித்தாள்.

"மரத்து வேருதான் கரையைத் தாங்குதுங்க, எஜமான்."

"எந்த மரம்? காட்டு, அதை மட்டும் விட்டுடறேன். காட்டலேன்னா எல்லாத்தையும் வெட்டுவேன்."

ஏரி தளும்பி நின்றது. பூவாயி யோசித்தாள்.

"கண்டுபிடிச்சிடலாம். நீங்க கரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருங்க. ஒவ்வொண்ணா வெட்டட்டும். எதை வெட்டினதும் தண்ணி உங்க தலைமேல வருதோ, அதுதான்."

ஜமீன்தார் குழம்பினார். "வந்த பிறகு?"

"அதை மட்டும் விட்டுடலாம்ங்க!"

வெட்டிய மரத்தை எப்படி விடுவது? அவர் மரங்களைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், நாற்காலி போடவேண்டிய இடத்தையும் பார்த்தார். ஆட்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

"மாளிகையை மேட்டுத்தெருவிலேயே கட்டுங்கடா!" என்று கத்திவிட்டு வண்டியேறினார்.