தொட்டுப் பார்த்த குதிரை

பாளையங்கோட்டை சதுரங்கக் கழகத்தின் புதுத் தலைவர் தணிகாசலம், டேப்லெட்டும் கையுமாக வந்தார்.

"இந்த மின்நூல்ல காயைத் தொட்டாப் போதும், அடுத்து என்ன ஆகும்னு அதுவே காட்டிடும். அச்சுப் புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுடு. மனசு வரலைன்னா என்னை ஒரு ஆட்டத்துல ஜெயி" என்றார், புத்தக அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் அமலோற்பவத்திடம்.

"சரிங்க சார். தொட்ட காயை ஆடியே ஆகணும், சம்மதமா?"

"தாராளமா."

பாதி ஆட்டத்தில் தலைவர் பழக்கதோஷத்தில் குதிரையைத் தொட்டுவிட்டு, பலகை ஏதாவது காட்டும் என்று காத்திருந்தார். அது காட்டவில்லை.

"குதிரையை ஆடுங்க சார்."

ராஜாவுக்குக் காவலே அந்தக் குதிரைதான். அது நகர்ந்தது, அமலோற்பவம் செக்மேட் வைத்தாள்.

எழுந்துபோன தலைவர், அலமாரியில் ஒரு புத்தகத்தை லேசாகத் தடவிப் பார்த்தார்.

"தொட்டுட்டீங்க சார், வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சே ஆகணும்" என்றாள்.